ஒரு நாட்டளவு சனத்துக்கு ஒரு கையெழுத்து

குடிவரவுக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலகப் பெண் கடுமையானவள் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

"பிள்ளைக்கு ஆறு வயதாகிறது. இவ்வளவு காலமும் பிறப்பைப் பதியவில்லையா? அது எப்படி?"

கேள்வி என்னிடம் இல்லை, எனக்குப் பக்கத்தில் இருந்தவளிடம். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாங்கள் இருவரும் வேலை. அவள் பீகாரின் வடக்கில், நேபாள எல்லையை ஒட்டிய மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். புருஷன் நகர நடுவில், குறொன்லாண்டில், ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். மகள் மட்டும் ஊரில், தாத்தாவோடு. பிள்ளையை இங்கே எடுப்பிக்க எல்லாம் சரி, பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் இல்லை. எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்த நாட்டு நொஸ்க் மொழிதான் எங்களுக்குள் பாலம். என்னுடையது முப்பது வருடப் பழசு என்பதால் துணைக்குப் போயிருந்தேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "மாவட்ட ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கட்டில் இல்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர், மூன்று பேர். நான் நடையில் பாய் போட்டுப் பெற்றேன். பின்னேரமே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒருவரும் எழுதவில்லை."

"ஓ," என்றாள் அலுவலகப் பெண். "அங்கே சனம் அதிகம்தானே."

ஒரு வியாதியின் பெயரைச் சொல்லுவதுபோல அதைச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் விண்ணப்பமே கெட்டுப்போயிருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் சொன்னாள், "தீதி, எங்கள் ஒரு மாவட்டத்தில் இருக்கிற சனம், கிட்டத்தட்ட இந்த நாடு முழுவதிலும் இருக்கிற அளவு." தீதி என்றால் அக்கா. நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் தேடிப் பார்க்கச் சொன்னேன். "ஓம் அம்மா, சரிதான்," என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த நினைவு தலையை விட்டுப் போகவில்லை. இங்கே இத்தனை சனத்துக்கு ஓர் அரசன், ஒரு பாராளுமன்றம், ஒரு மேசை நிறைய அமைச்சர்கள், நூற்றுக்கணக்கான நகரசபைகள். எங்கள் தெருவில் பனி வழிக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு கலெக்டர், அவருக்குக் கீழே கையளவு அதிகாரிகள். வெள்ளம் வந்தால் வள்ளம் அனுப்புவதும் அவர்கள்தான், தேர்தல் பெட்டிக்குக் காவல் நிற்பதும் அவர்கள்தான், பள்ளிப் பரீட்சையில் பார்த்து எழுதுகிறவர்களைப் பிடிப்பதும் அவர்கள்தான். மிச்ச நேரத்தில் பிறந்ததையும் செத்ததையும் பதிய வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது என் புருஷன் சொன்னார், "உவையள் பிள்ளையளைக் குறைச்சுப் பெத்தால் இந்தப் பிரச்சினை இல்லைத்தானே."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். "நீங்கள் எத்தினையாவது பிள்ளை?"

அவர் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏழாவது. உங்களைப் பதியேக்கை சனம் கூடிப்போச்சு எண்டு ஆரும் சொன்னவையோ?"

அவர் குழம்பை எடுத்துச் சோற்றில் விட்டுக்கொண்டார். எனக்கு ஆறவில்லை. மட்டக்களப்பில் வீடு எரிந்தபோது என்னுடைய கடதாசிகளும் எரிந்தன. பிறந்த திகதிக்கு ஆதாரம் இல்லாமல் வந்த எனக்கு, இந்த நாடு ஜனவரி முதலாம் திகதி என்று ஒரு பிறந்தநாளை எழுதித் தந்தது. நினைத்தால் செய்யத் தெரிந்தவர்கள்தான். அந்தச் சின்னப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நினைக்கவில்லை?

என்னோடு வேலை செய்கிறவளின் தகப்பன், பிள்ளையின் தாத்தா, ஊரில் அலைந்தார். ஒரு வருடத்துக்கு மேல் பிந்திய பிறப்பைப் பதிவதென்றால், மாவட்டத்தின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி உத்தரவு போட வேண்டுமாம். அவர் போன முதல் தடவை அதிகாரி வெள்ளத்துக்குப் போய்விட்டார். பிறகு தேர்தல். பிறகு அதிகாரியையே மாற்றிவிட்டார்கள், புதியவர் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அவரையும் மாற்றினார்கள். ஒவ்வொன்றையும் உருளைக்கிழங்கு உரித்தபடி அவள் எனக்குச் சொல்லுவாள். அவள் அழுததில்லை. நான்தான் தோலைத் தொட்டியில் அடித்து அடித்துப் போடுவேன்.

கடைசியில் கோடை விடுமுறையில் அவளே போனாள். போய், அந்த அலுவலக விறாந்தையில் நாள் முழுக்க நின்றாள். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"தீதி, இப்போது வந்திருக்கிறவர் மதராசி என்கிறார்கள். அவர் பேசுகிற இந்தி எனக்கே விளங்கவில்லை. இதோ வெளியே வருகிறார்."

"போனை அவரிடம் நீட்டு," என்றேன். "தமிழ் என்று சொல்லு."

ஒரே இரைச்சல். பிறகு ஓர் இளம் குரல் தமிழில் கேட்டது.

"ஹலோ, யாருங்க?"

"நான் ஒஸ்லோவிலையிருந்து கதைக்கிறன். நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க, மதுரைப் பக்கம். நீங்க சிலோனா?"

"ஓம். தம்பி, உங்களுக்கு முன்னாலை நிக்கிறவள் என்னோடை வேலை செய்யிறவள். தன்ரை பிள்ளை தன்ரை பிள்ளைதான் எண்டு சொல்ல உங்கடை வாசல்லை நாளெல்லாம் நிக்கிறாள். ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன கஷ்டம்? உந்தக் கதிரையிலை என்னத்துக்கு இருக்கிறியள்?"



"திட்டுங்க அக்கா, பரவாயில்ல," என்றார். "நான் வந்து மூணு வாரம்தான் ஆகுது. இந்த வராண்டாவுல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு என்னால எண்ணக்கூட முடியல. காலைல அணை உடையுதுன்னு ஓடுறேன், மத்தியானம் கோர்ட், சாயங்காலம் எங்கயாவது நிலத் தகராறு. எல்லாத்துக்கும் நான் ஒருத்தன். எனக்கு அடுத்து ஒரு ஆள் குடுங்கன்னு கேட்டா, ஆள் இல்லன்றாங்க. இவ்ளோ ஜனம் இருக்கிற ஊர்ல ஆள் இல்லயாம்."

அந்தக் கடைசி வசனத்தில் அவருக்கும் கோபம் வந்திருந்தது. அதனால்தான் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

"அப்ப இவளின்ரை அலுவல்?"

"இன்னைக்கே பாக்குறேன்கா."

பார்த்தார். அன்றைக்கே கையெழுத்தானது. பனிக்காலம் தொடங்க முதல் பிள்ளை ஒஸ்லோவுக்கு வந்துவிட்டாள். மெலிந்த, வாய் ஓயாத பிள்ளை. அவளைப் பார்த்தபோது என் கண் நிறைந்தது உண்மை. ஆனால் கோபம் அடங்கவில்லை. வாசலில் நின்றவள் தாய் என்பதற்காகவா அந்தக் கையெழுத்து விழுந்தது? விதியில் இடம் இருந்தது என்பதற்காகவா? இல்லை. தூரத்தில் எங்கோ ஒரு கிழவி அந்த அதிகாரியின் தாய்மொழியில் ஏசினாள், அதற்காக. அந்த விறாந்தையில் நின்ற மற்றவர்களுக்குத் தமிழில் ஏச ஆள் இல்லை.

பிள்ளையின் தாய் திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். வரிசையில் அவளுக்கு முன்னாலிருந்தே நின்ற முதியவர் ஒருவர், தன் பேத்தியின் பதிவுக்காக வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் வெளியே வரும்போது சேலைத் தலைப்பைப் பிடித்து, "அந்த அம்மாவின் நம்பரைக் கொடு மகளே," என்று கேட்டாராம்.

"கொடுத்தாயா?" என்றேன்.

"கொடுத்தேன் தீதி. எப்படிக் கொடுக்காமல் வருவது?"

அதிலிருந்து என் போனுக்கு இந்திய இலக்கங்களிலிருந்து அழைப்பு வருகிறது. அந்த முதியவர் மட்டும் இல்லை, அவரிடம் வாங்கியவர்களும். நீளமாக ஏதோ சொல்லுவார்கள். எனக்கு விளங்குகிற ஒரே சொல் மேடம். அவளைக் கொண்டு விளங்கிக்கொண்டு, அந்த மதுரைத் தம்பியின் அலுவலகத்துக்கு அழைத்து இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன், செய்தார். பிறகு அவருடைய அலுவலக எண்ணை வேறு யாரோ எடுத்து இந்தியில் பேசினார்கள். அவரையும் மாற்றியாயிற்று.

போன கிழமை வேலைக்கு நடுவில் ஒரு அழைப்பு வந்தது. போனை அவளிடம் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் கதைத்தாள்.

"என்னவாம்?"

"புதிய அதிகாரி வந்துவிட்டாராம். ஆனால் இன்னும் ஒருவரையும் உள்ளே விடவில்லையாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"நாளைக்கும் போய் நிற்கச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?"

நான் பானை மூடியைப் போட்ட சத்தத்துக்குச் சமையலறைப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார். ஒன்றும் சரியில்லை என்றேன். நான் மூடியைச் சொல்லுகிறேன் என்று நினைத்து, வேறு மூடி ஒன்று எடுத்துத் தந்துவிட்டுப் போனார்.