தொண்ணூற்றைந்து சதவீதம்

"அழுத்து."

மகள் காரின் பிரேக்கை மிதித்தாள்.

"பிடி. விட்டுடாதே."

சக்கரத்தருகே படுத்திருந்த அப்பா திருகாணியைத் தளர்த்தினார். குமிழி குமிழியாக ஆயில் இறங்கியது.

"இன்ஜினியரம்மாவுக்குக் கால் வலிக்குதோ?"

"முதல்ல வெளிய வாங்கப்பா. ஹேண்ட்பிரேக் பிடிக்கல. உருண்டுச்சுன்னா உங்களைச் சுருட்டித்தான் எடுக்கணும்."

"அதான் செங்கல் வச்சிருக்கேனே. மாசக் கடைசி முடியட்டும், கேபிள் வாங்கிட்டு வரேன்."

அவர் ராணுவப் பட்டறையில் மூத்த மெக்கானிக். எந்த லாரியைச் சரி என்று சொல்கிறாரோ, அதை முதலில் அவரேதான் ஓட்டிப் பார்ப்பார். அவராக வைத்துக்கொண்ட வழக்கம்.

புதிதாக வந்த மேஜர் நிர்வாகம் படித்தவர். இலக்கைத் திணிக்கக் கூடாது, அவரவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்பார். எத்தனை லாரிகள் ஓடும் நிலையில் இருக்கும் என்று கேட்டார். அப்பா எண்பது சதவீதம் என்றார். மேஜர் சிரித்தபடி காத்திருந்தார். அப்பா எண்பத்தைந்து என்றார். மேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தொண்ணூற்றைந்துக்குத்தான் தேநீர் வந்தது.

இருபது லாரி. பத்தொன்பது ஓட வேண்டும். உதிரிபாகம் வரவில்லை. ஒன்றைப் பிரித்து மற்றவற்றுக்கு மாட்டினார்கள். அது எலும்புக்கூடாக நின்றது. மாதக் கடைசியில் இன்னொன்றுக்குப் பிரேக் போனது.

"இதைச் சரின்னு சொல்ல முடியாது சார். பிரேக் ரப்பர் போயிடுச்சு."

"நானா இலக்கு சொன்னேன்? நீங்க சொன்னது." மேஜர் குரலை உயர்த்தவில்லை. "எட்டலைன்னா உங்க ஆளுங்களுக்கு லீவு இல்ல. அதுக்கும் நீங்கதான் ஒத்துக்கிட்டீங்க."

அவருக்குக் கீழே வேலை பார்த்த ஃபிட்டரின் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. "விடுங்கண்ணே. நான் இல்லாட்டியும் குழந்தை பொறக்கும்."

"பொறக்கும்டா. அப்புறம் உன்னைப் பார்த்து 'யாரு இந்த மாமா'ன்னு கேக்கும்."

பழைய ரப்பரையே துடைத்து மாட்டினார். ஃபிட்டரை ஏறவிடாமல் தனியாக ஏறினார். முற்றத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்தது. வாசலைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் அடியில் மதில்.

அப்பாவின் அடக்கத்தன்று இதை மகளிடம் சொன்னவன் ஃபிட்டர். அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது.

மேஜரும் வந்தார். அம்மாவிடம், "அவர் இலக்கை எட்டிட்டாரும்மா" என்றார். அம்மா தலையாட்டினாள்.

மகளுக்குக் கணக்கு உதைத்தது. வாசல்வரை போய்க் கேட்டாள்: "இருபதுல பதினெட்டு தொண்ணூறுதானே சார்?"

"மோதின வண்டியை மொத்தத்துலேர்ந்து கழிச்சாச்சும்மா."

பத்தொன்பதில் பதினெட்டு. தொண்ணூற்று நாலு புள்ளி ஏழு. முழுதாக்கினால் தொண்ணூற்றைந்து. கணக்கில் தப்பில்லை.

"அப்போ முன்னாடியே கழிச்சிருக்கலாமே சார்."

"ஓடாத வண்டியைக் கழிக்க விதி இல்லம்மா. உடைஞ்சாத்தான்."

மாதக் கடைசி முடிந்துவிட்டது. கேபிள் இன்னும் வாங்கவில்லை. காரின் பின்சக்கரத்துக்கு அடியில் செங்கல் அப்படியே இருக்கிறது.