ஜெபத்துக்கு முன் ஓட்டிப் பார்க்காத கம்ப்யூட்டர்

ஓடாத கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு போதகரைக் கால் மணி நேரம் ஜெபிக்க வைத்தவன் நான். ஜெபத்தில் குறை ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியது நான்.

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் கம்ப்யூட்டர் சொந்தமாக வேண்டும், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட வேண்டும். நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனன் சொன்னான்:

"அத்தான், எல்லாத்தையும் நானே சேத்துத் தாறேன். நீங்க சும்மா இருந்தா போதும்."

ஐம்பது வயதுக்காரனிடம் சொல்லக்கூடாத சொல் அது. உதிரி பாகங்களை வரவழைத்து நானே பூட்டுவேன் என்று அறிவித்துவிட்டேன்.

மூன்று நாள் சாப்பாட்டு மேசை என் வசம். "நாங்க எங்க இருந்து தின்னணும்?" என்று மனைவி கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. மதர்போர்டின் கையேட்டைத் தடித்த ருஷ்ய நாவலைப் போலத்தான் வாசித்தேன்: வாயில் நுழையாத பெயர்களைத் தாண்டித் தாண்டி. மெமரி பட்டைகள் இரண்டையும் அதனதன் பள்ளத்தில் வைத்து அழுத்தியபோது, ஏதோ முறிவதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. விவேகி ஆனதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

மலையாள வீடியோக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றையே சொன்னார்கள்: பெட்டிக்குள் பூட்டும் முன் ஒருமுறை ஓட்டிப் பார். அவர்களுக்கு எங்கள் வீட்டு முறை தெரியாது. இங்கே புதுப் பொருள் எதுவும் ஜெபத்துக்கு முன் கரண்ட் காணாது. போதகர் கன்வென்ஷனிலிருந்து திரும்பும்வரை எங்கள் பிரிட்ஜ் நான்கு நாள் அட்டைப்பெட்டிக்குள் நின்றது. ஆகவே திருகாணி ஒன்று விடாமல் முறுக்கிவிட்டு, சனிக்கிழமை மாலைக்கு எல்லோரையும் அழைத்தேன். மைத்துனனை முக்கியமாக.

போதகர் மின்தடை, இடி, வைரஸ் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கினார். பிறகு நான் பொத்தானை அமுக்கினேன். காற்றாடி சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் "ஆமென்" என்றார்கள். திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே கருப்பு.

மைத்துனன் கையிலிருந்த பழம்பொரியைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினான். "மதர்போர்டு போச்சு அத்தான். கடைக்குக் கொண்டு வாங்க. நாளைக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லுதேன்."

"திங்கள்கிழமையாக்கும் மாமா நான் சேரணும்," என்றாள் மகள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

போதகர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்தார். "சாரே, ஸ்டார் ஸ்குரூடிரைவர் உண்டா?"

சபையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டரைப் பராமரிப்பது அவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வயரைப் பிடுங்கச் சொல்லி, பெட்டியைத் திறந்து, மெமரி பட்டைகள்மேல் பெருவிரலை வைத்து ஓங்கி அழுத்தினார். டக். டக்.

"இப்பிடிப் பயந்து பயந்து வச்சா அது பள்ளத்துல எங்க போயி ஒக்காரும்?"

"ஒடஞ்சு போவும்னு நெனச்சேன் பாஸ்டர்."

"ஒடையாது. டக்குன்னு சத்தம் கேக்கணும், அதாக்கும் கணக்கு."

வயரைச் செருகிப் பொத்தானை அமுக்கியதும் திரை வெளிச்சமானது. இந்த முறை "ஆமென்" சொன்னது என் மனைவி மட்டும்தான், முந்தையதைவிடச் சத்தமாக. மைத்துனன் இரண்டாவது பழம்பொரி எடுத்தான்.

"இன்னொருக்கா ஜெபிக்கணுமா பாஸ்டர்?"

"வேண்டாம் சாரே. முந்தினது அப்பிடியே கெடக்கு."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து விண்டோஸ் ஏற்றினேன். நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை; அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு அறைக்குள் போன மகள் சாயங்காலம் ஆறுக்கு வெளியே வந்தாள். வாசலிலேயே காத்திருந்தேன்.

"மக்கா, மிஷின் எப்பிடி?"

"கொள்ளாம்ப்பா. பாஸ்டர் நல்லா செஞ்சு தந்திருக்காரு."