சந்தனப் பொட்டிட்ட ஆம்ப்ளிஃபயர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்யவும் தெரியாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

கார் என் மனைவியுடையது. எங்கள் இருவருக்கும் ஆபீஸ் ஊர்க்கோடியில், கழக்கூட்டத்தில். வலியசாலை வீட்டிலிருந்து தினமும் காலையில் அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருப்பேன். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பின்சீட்டிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். அவள் படிப்புக்காக பெங்களூர் போனதும் காரில் பேச்சு நின்றுபோனது. வீட்டில் நன்றாகப் பேசுகிற மனைவி, கார் தெருமுனை திரும்பியதும் வாயை மூடிக்கொள்வாள். என்மேல் ஏதோ கோபம் என்று முடிவு கட்டினேன். என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம். அதனால் அந்த மௌனத்தைப் பாட்டுப் போட்டு மூடிவிடத் தீர்மானித்தேன்.

காரில் இருந்த ஸ்டீரியோ கொசு மாதிரிதான் பாடும். சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில், கருகிப்போன ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது.

“ஃப்யூஸ் மாத்ரம் மாத்தினா மதி சாரே,” என்றார் மலையாளக் கடைக்காரர். ஃப்யூஸை மட்டும் மாற்றினால் போதுமாம். அவர் விற்கிறவர், அப்படித்தான் சொல்லுவார். நம்பியது நான்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே கரி. பவர் டிரான்சிஸ்டர்கள் வெடித்திருந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆபீஸில் நான் மீட்டிங் வைக்கிறவன். கையால் ஒன்றைச் செய்து அது வேலை செய்து பார்த்ததே இல்லை. புது டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து, பழைய கார் பேட்டரியைச் சாப்பாட்டு மேஜையில் ஏற்றி, ஒயரை நேரடியாகக் கொடுத்தேன். புகை வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டு மாமி, “பால் அடி பிடிச்சுடுத்தா?” என்று குரல் கொடுத்தாள். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம்தான் ஒரு வீடியோ பார்த்து, பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கோக்கக் கற்றுக்கொண்டேன். பல்பு மின்னி அடங்கினால் சரி. விடாமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். என் பல்பு பிரமாதமாக எரிந்தது. மறுபடி கழற்றினேன், மறுபடி பற்றவைத்தேன். அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது.

இங்கே அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. இதையெல்லாம் கிண்டல் செய்கிறவன் நான். அந்த வருஷம் முதல் ஆளாக சால்டரிங் அயர்னையும் மூடி திறந்த ஆம்ப்ளிஃபயரையும் கொலுப்படி பக்கத்தில் கொண்டுவைத்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அது போதாதா?

விஜயதசமி காலையில் எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். பக்தி முற்றி, டிரான்சிஸ்டர்களுக்கும் தனித்தனியாகப் பொட்டு. சுபவேளையில் ஒயரைக் கொடுத்தேன். பல்பு பளீரென்று எரிந்தது. கருகல் நாற்றத்துக்குப் பதிலாக, கமகமவென்று வாசனை கிளம்பியது.

“ஊதுபத்தி கொளுத்தினேளா?” என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

குனிந்து பார்த்தேன். ஈரச் சந்தனம் வழிந்து டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே பாலம் கட்டியிருந்தது. ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மறுபடி கொடுத்தேன். பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் அதைக் காரில் பொருத்தி நாகஸ்வரம் போட்டேன். தவில் நெஞ்சில் வந்து இடித்தது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி தலையாட்டிக்கொண்டே ஓட்டினாள். இனிமேல் எந்த மௌனம் என்னை என்ன செய்யும் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். சாக்கை ஜங்ஷன் தாண்டி நெரிசலில் நின்றபோது அவள் கையை நீட்டிப் பாட்டை அணைத்தாள்.

“ஒச்சை ஜாஸ்தியா, காது அடைக்கறதா?” என்றேன்.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா மதி.”

இத்தனை பாடுபட்ட ஆத்திரத்தில் கேட்டேவிட்டேன். “என்மேல அப்படி என்ன கோபம்? கார்ல ஏறினா ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாய்?”

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “கோபமா? ஆத்துலயும் பேசணும், ஆபீஸ்லயும் பேசணும். கழக்கூட்டம் எத்தறவரைக்கும்தான் நான் கொறச்சு ஸ்வைரமா, நிம்மதியா இருக்கேன். நீங்களும் ஒண்ணும் பேசாம பக்கத்துல இருக்கேளே, அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?”

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. எங்களிடம் நான் கைவைக்காமலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரே சாமானை அல்லவா இத்தனை நாளாக ரிப்பேர் செய்யப் பார்த்தேன்!

அன்றைக்குக் கழக்கூட்டம் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.