தாழம்புதரடிக் கறுமணல்

மட்டக்களப்பில் பௌதிகவியல் படிப்பித்த காலம் முழுவதும் எனக்குத் தோரியப் பைத்தியம். அணுசக்திப் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைப் பற்றியே கதை அளப்பேன். எங்கள் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது, உலகத்தில் யுரேனியத்தைவிட அதிகம், நெடுங்காலம் நஞ்சாகக் கிடக்கும் கழிவும் குறைவு என்பேன். பிள்ளைகள் 'தோரியம் டீச்சர்' என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது.

சுனாமி என் தம்பியின் ஏழு வயது மகளைக் கொண்டுபோனது. வாகரையில் அவன் வீட்டுக்குப் பின்னால், மண்ணுக்கடியில் இருந்து மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள். மயானத்துக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. கரையோரத் தாழம்புதரடியில் புதைத்தான்.

ஒரு கிழமை கழித்துத்தான் நான் போய்ச் சேர முடிந்தது. வீட்டுக்குள் முழங்காலளவு மணல். அவனும் நானும் மண்வெட்டியால் வாரிக் கொட்டினோம். அடியில் கறுப்பாக ஒரு மணற்படை வந்தது. உடைந்த ரேடியோவின் காந்தத்தை எடுத்து அதில் வைத்தேன். கறுமணல் மயிர் மயிராக ஒட்டியது. புத்தி கெட்டுப்போய், "தம்பி, இந்தக் கறுப்பு மணலோடதான் தோரியமும் வரும். அதில கரண்ட் எடுக்கலாம்" என்றேன்.

"இதுக்குள்ள இருந்துதான் புள்ளைய எடுத்தம்" என்றான்.

செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனே கேட்டான்: "மண்ணில இருந்து எப்பிடியக்கா கரண்ட் வரும்?" அந்தக் கிழமையில் அவன் கேட்ட முதல் கேள்வி அது என்று அவன் பெண்சாதி பிறகு சொன்னாள்.

விடுவேனா? அவனுடைய பெற்றோமாக்ஸை வைத்தே விளக்கினேன். அதில் மண்ணெண்ணெய் தானாகப் பற்றாது; முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். தோரியமும் அப்படித்தான். வேறொரு அணு எரிபொருள் பக்கத்தில் இருந்து தூண்டினால்தான் அது யுரேனியமாக மாறிச் சக்தி தரும். விளக்கில் வெள்ளையாக ஒளிரும் மென்டில் வலையிலும் தோரியம் சேர்ப்பதுண்டு என்றேன். அவன் தாழம்புதரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெளிச்சம் தாற மண்ணுக்குள்ளதான் புள்ள கிடக்கிறா" என்று பெண்சாதியிடம் போய்ச் சொன்னான். தோரியத்தில் கரண்ட் எடுப்பது இன்னும் ஆராய்ச்சியாகவே இருக்கிறது என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பிறகு சண்டை வந்து வாகரைச் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வீடு இல்லை, புதர் நின்றது. யுத்தம் முற்றாக முடிந்து பாதை திறந்ததும், மணல் அள்ளுவதற்கு அளவெடுக்கக் கம்பனி ஆட்கள் வந்தார்கள். தாழம்புதரடியில் ஒரு முளைக்கம்பு இறங்கியது. பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் தம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கரண்டுக்குத்தானே அக்கா எடுக்கிறாங்க?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். டீச்சர் புத்தி விடவில்லை.

"இல்லடா. தோரியம் இவங்களுக்குத் தேவையில்ல. அதைக் கழிச்சு ஒதுக்கிப் போடுவாங்க. எடுக்கிறது மற்றக் கறுப்பு மணல். பெயின்ட் செய்ய."

"பெயின்டுக்கா?"

"ஓம்."

"அப்ப கரண்ட்?"

"நாம இருக்கிற காலத்தில வருமோ தெரியா."

நான் கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு எழும்பினான். என்மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

"அப்ப புள்ளைய அசைக்க விடமாட்டன் அக்கா" என்றான். "கரண்டுக்கெண்டா குடுத்திருப்பன்."