நாற்பதில் நின்ற முள்

சென்ற மாதம் ஒரு மோட்டார் கார் என்னைக் கதிகலங்கச் செய்துவிட்டது. ஓடியதால் அல்ல... சும்மா நின்றதால்!

எங்கள் எஸ்டேட் துரையின் காரைத்தான் சொல்கிறேன். ஏற்காட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்துக்குத் துரைக்கு முன்பே வந்து சேர்ந்த வண்டி அது. துணிக் கூரை, பித்தளை விளக்குகள், படகைப் போன்ற நீளம். ஸ்டியரிங்குக்கு எதிரே பலகையில் ஒரு சிறு கண்ணாடி வட்டம், அதற்குள் ஒரு முள். ஆயில் கேஜ் என்பார்கள். இஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு பாய்கிறது என்பதைக் காட்டுவது அதன் கடமை. எண்ணெய் பாயாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, இஞ்சின் ஒரே கட்டியாக இறுகிவிடும். ஆகவே காரின் நாடி அந்த முள்தான்.

நாடி பிடிப்பதில் எங்கள் துரை படு கண்டிப்பு. முள் நாற்பதில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனி மாதத்தில் ஒரு நாள், மலைப்பாதை வளைவொன்றில் அது பத்துக்கு இறங்கியதைக் கண்டார். "இஞ்சினைக் கொல்லப் பார்க்கிறாய்" என்று சொல்லி, டிரைவர் மாரிமுத்துவை அங்கேயே இறக்கிவிட்டார். வேலை போயிற்று, எஸ்டேட் லைனில் குடியிருந்த வீடும் போயிற்று. இப்போது அவன் வெள்ளக்கடையில் யாருடைய நிலத்திலோ மண் வெட்டுகிறான்.

அவனிடத்துக்கு வந்தவன் செல்லப்பன். அவன் கைக்கு வண்டி வந்து சில வாரங்களில் முள் நாற்பதை விட்டு அசைவதே இல்லை என்றாயிற்று. ஏற்றமா, நாற்பது. இறக்கமா, நாற்பது. துரைக்குப் பெருமை தாங்கவில்லை. விருந்துக்கு வருகிற துரைமார்களை எல்லாம் காருக்கு அழைத்துப் போய் அந்த முள்ளைக் காட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எந்தக் கருவியையும் தொடுவதில்லை என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். கவாத்துக் கத்தியும் ஸ்பானரும் சந்தனம் பூசிக்கொண்டு ஒரே பலகையில் ஓய்வெடுக்கும். காரும் அப்படியே, மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை அதைக் கிளப்பக் கூடாது. துரை நண்பர் ஒருவரின் பங்களாவுக்குப் போயிருந்தார். "நாளை பத்து மணிக்கு வருவேன். சேலம் போகவேண்டும், நீயும் வா" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

காருக்குப் பொட்டு வைக்க என் மனைவி கமலம் வந்தாள். விளக்குக்கு, சக்கரத்துக்கு என்று வைத்துக்கொண்டே போனவள், பலகையருகே கையில் சந்தனத்தோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இஞ்சினுக்கு இன்னிக்கு லீவுதானுங்களே?"

"ஆமாம்."

"அப்புறம் இந்த முள்ளு மட்டும் எதுக்குங்க வேலை பாக்குது?"

குனிந்து பார்த்தேன். காலையிலிருந்து கிளப்பாத வண்டி. இஞ்சின் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. முள்ளோ... நாற்பதில் நின்றது!

பாடையில் கிடப்பவனின் நாடி துடிப்பதைப் பார்த்தால் எப்படியிருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. திரும்பினேன். தேங்காயை உடைக்க ஓங்கியிருந்த செல்லப்பனின் கை ஓங்கியபடியே நின்றது.

"செல்லப்பா... என்னப்பா இது?"

"சாமி சத்தியமா வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க ரைட்டருங்க."

"வண்டியைக் கேக்கல. முள்ளைக் கேக்கறேன்."

அவன் தேங்காயைக் கீழே வைத்தான். "பலாப் பிசினுங்க" என்றான்.

"என்னது?"

"ஆடியில ஒருநாள் அது பொத்துனு சைபருக்கு உழுந்துருச்சுங்க. அப்புறம் எந்திரிக்கவே இல்ல. குச்சியை உட்டு ஆயில் பாத்தனுங்க, அளவு சரியா நிக்குது. தொரைகிட்டச் சொன்னா மாரிமுத்து போன வழிதானுங்க எனக்கும். அதான்... கண்ணாடியைக் கழட்டி, முள்ளைத் தூக்கி நாப்பதுல வெச்சு, அடியில ஒரு சொட்டு. நொம்பக் கொஞ்சமுங்க!"

"நல்லவேளை, வேகம் காட்டற முள்ளுக்கு ஒட்டாம உட்டியே! நின்ன எடத்துலயே முப்பது மைல்ல போயிட்டிருப்போம்" என்றாள் கமலம்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எத்தனை முறை அந்த வண்டியில் அடிவாரம் வரை இறங்கி ஏறியிருக்கிறேன்! எத்தனை துரைமார்கள் அந்த வட்டத்தின் முன் தலையசைத்து வியந்திருக்கிறார்கள்! நாங்கள் எல்லோரும் வியந்தது ஒரு சொட்டுப் பிசினையா?

"சொல்லிப்புடாதீங்க. வேலை போனா லைன் ஊடும் போயிருமுங்க. புள்ளைங்களைக் கூட்டிட்டு எங்கீங்க போவேன்?" என்றான் செல்லப்பன்.

சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாமல் விட்டு, உள்ளே உண்மையிலேயே எண்ணெய் பாயாமலிருந்து, நாளை பாதி வழியில் இஞ்சின் இறுகினாலும் அவன் வேலை போகும். தப்ப ஒரே வழி, கோளாறு முள்ளிலா இஞ்சினிலா என்பதைத் துரை வருவதற்குள் கண்டுபிடிப்பது. ஆனால் ஸ்பானர்கள் எல்லாம் சாமியாக உட்கார்ந்திருக்கின்றனவே! விடியும்வரை காத்திருந்தோம்.

காலையில் கற்பூரம் அணைவதற்குள் செல்லப்பன் ஸ்பானரை எடுத்துவிட்டான். பிசினைச் சுரண்டியதும் முள் சைபரில் விழுந்தது. சரி, நிற்கிற வண்டிக்கு அதுதானே நியாயம்? இஞ்சினைக் கிளப்பினோம். முள் அசையவில்லை. சைபர்!

எங்கள் பல்ப்பர் கொட்டகை எனக்கு நினைவுக்கு வந்தது. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் அந்த யந்திரத்துக்குத் தண்ணீர் வராவிட்டால், முதலில் கடைசிக் குழாயை அவிழ்ப்போம். பிறகு தொட்டியடிக் குழாயை அவிழ்ப்போம். எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்ப்போம். இங்கேயும் இஞ்சினிலிருந்து அந்த வட்டத்துக்கு வைக்கோல் பருமனில் ஒரு செம்புக் குழாய்தானே வருகிறது?

வட்டத்தின் பின்புறம் குழாயை அவிழ்த்து, அடியில் ஒரு டப்பாவைப் பிடித்து, இஞ்சினை ஓடவிட்டோம். எண்ணெய் வந்தால் முள்தான் குற்றவாளி; இஞ்சின் பிழைத்தது.

ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

செல்லப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுதுங்க" என்றான்.

"எந்திரி. இன்னொரு முனை இருக்குதல்ல?"

இஞ்சின் பக்கத்து முனையை அவன் அவிழ்த்தான். நான் குனிந்து பார்த்துக்கொண்டே, "கிளப்பு" என்றேன். அடுத்த கணம் இளஞ்சூடான எண்ணெய் பீய்ச்சியடித்து, என் சட்டையிலும் வேட்டியிலும் மூக்கிலும் வழிந்தது!

அத்தனை மகிழ்ச்சியோடு நான் என்றும் அழுக்கானதில்லை. செல்லப்பன் இஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, வழிகிற எண்ணெயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கமலம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆயில் வருதுன்னு கண்டுபுடிக்க வேட்டி எதுக்குங்க, டப்பா இருந்துதே?" என்றாள்.

குழாய்தான் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி, மெல்லிய கம்பியை விட்டுக் குத்தியதும் தார் போன்ற கசடு புழுவாக நெளிந்து வெளியே வந்தது. மறுபடி பூட்டினோம். முள் துள்ளி எழுந்து நாற்பதைத் தாண்டியது.

என்ன விந்தை பாருங்கள்! பிசின் வைத்த பொய் முள், அத்தனை நாளும் எண்ணெய் பாய்கிறது என்ற மெய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிசின் வைக்காத மெய் முள்தான் சைபர் என்று பொய் சொல்லியிருக்கிறது. கள்ளச்சாட்சி தற்செயலாக உண்மை பேசிவிட்டால் அவனை மெச்சுவதா, உதைப்பதா?

அதற்குள் அடுத்த அதிர்ச்சி. இஞ்சின் சூடேறியதும், வேகத்தைக் குறைத்தால் முள் பத்துக்கு இறங்கியது, கூட்டினால் ஏறியது.

"ஐயோ, உழுவுதுங்க, உழுவுதுங்க!" என்று பதறினான் செல்லப்பன்.

"பதறாதே. எண்ணெயை இறைக்கற பம்பைச் சுத்தறதே இஞ்சின்தானே? அது மெதுவா ஓடினா இதுவும் மெதுவாத்தான் இறைக்கும். இதுதான் இதோட இயல்பு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் சொல்லே என்னைச் சுட்டது. அப்படியானால் மாரிமுத்து? அன்று வளைவில் அவன் வேகத்தைக் குறைத்தான். முள் தன் இயல்புப்படி இறங்கியது. அதற்காகவா ஒரு குடும்பம் வீட்டைவிட்டு இறங்க நேர்ந்தது?

பத்து மணிக்குத் துரை வந்தார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் வேறு வேட்டியோடு நான். கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு வளைவில் ஆரஞ்சுப் பழ வண்டி ஒன்று எதிரே வந்தது. மாடுகள் திரும்பட்டும் என்று செல்லப்பன் ஒதுங்கி நின்றான். இஞ்சின் மெல்ல முனகியது. முள் சரிந்தது... முப்பது, இருபது, பத்து.

"என்ன இது!" துரை கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டன. செல்லப்பன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நான் முன்னால் சாய்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, பம்பையும் வேகத்தையும் விளக்கினேன். மாரிமுத்துவின் பெயரையும் சொன்னேன். துரை கையை உயர்த்தினார். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

"ரைட்டர், வெளக்கம் வேண்டாம். நாப்பது வேணும். இத்தனை மாசம் ஆடாத முள்ளு இன்னிக்கு ஏன் ஆடுது? செல்லப்பா! நாளைக்கு இது பழையபடி நிக்குமா? இல்லே நான் வேற ஆள் பாக்கட்டுமா?"

 

"நிக்குமுங்க தொரை! ஆடாம அசையாம நிக்குமுங்க!" என்றான் செல்லப்பன்.

"நல்ல ஆள்" என்றார் துரை, முகம் மலர்ந்து. செல்லப்பன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். மாட்டுவண்டி வழிவிட்டது. அவன் வேலை தப்பியது. லைன் வீடும் தப்பியது. மறுநாள் விடியும்போது முள்ளும் நாற்பதில் நின்றது.

நேற்றுச் சேலம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயில் கேஜ் எங்கே என்று கேட்டேன். "அதைப் புடுங்கிப் போட்டு நொம்ப நாளாச்சுங்க" என்று, அது இருந்த துளையைக் காட்டினார். அதில் ஊதுவத்தி செருகியிருந்தது.

எவ்வளவு நாணயமான வண்டி!