கொழும்புப் பங்களாவில் சுடலைவடிவு குடிவைத்த பேய்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பங்களா பாழடைந்து கிடந்தது. கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்த தேவசிகாமணி கட்டியது. அவருக்குப் பின் யாரும் குடியிருக்கவில்லை. கூரையைப் பிளந்துகொண்டு அரசமரம் நின்றது.

ஆடு மேய்க்கும் சுடலைவடிவு, காணாமல் போன சினையாட்டைத் தேடி ஒருநாள் அதற்குள் நுழைந்தாள். வௌவால் எச்சத்தில் வழுக்கி, இடிந்து விழுந்த உத்திரங்களைத் தாண்டி, ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். ஆடு குளியலறையில், துரைமார் படுத்துக் குளிக்கும் பீங்கான் தொட்டிக்குள் இரண்டு குட்டி போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தது. சுடலைவடிவின் பிரசவங்களெல்லாம் கிழிந்த பாயில்தான் நடந்தன.

அன்றிலிருந்து பங்களா அவளுடைய ஆட்டுக்கொட்டகை. வேறு யாரும் பங்குக்கு வந்துவிடக் கூடாதே என்று ஒரு பேயையும் குடிவைத்தாள். தேவசிகாமணி கோட்டு போட்டுக்கொண்டு உச்சிப்பொழுதில் படியிறங்கி வந்து டீ கேட்பதாகவும், சர்க்கரை வியாதி என்பதால் சீனி போட்டால் திட்டுவதாகவும் ஊரெல்லாம் சொன்னாள். பேயைப் படம்பிடிக்க வண்ணார்பேட்டையிலிருந்து கேமராவோடு வந்த இரண்டு பேர், ஆடு தும்மியதற்கே செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த வீடியோவை ஜில்லாவே பார்த்தது.

போன வருஷம் தேவசிகாமணியின் கொள்ளுப்பேரன் ஷிபின், பங்களாவை இடிக்க ஜேசிபியோடு வந்தான். வீடியோவைப் பார்த்திருந்த ஓட்டுநர் செந்தில்முருகன், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஷிபின் சுடலைவடிவிடம் வந்து, தாத்தாவிடம் கொஞ்சம் பேசிப் பார்க்கச் சொன்னான்.

எல்லாம் பொய் என்றால் ஊர் சிரிக்கும். அவள் யோசித்தாள்.

"பேசுதேன் தம்பி. ஆனா என் ஆடுகளுக்கு ஒரு போக்கிடம் வேணும்லா?"

தோட்டத்து மூலையில் கொட்டகை போட்டுத் தருவதாக அவன் ஒப்புக்கொண்டான்.

ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். அரைமணி நேரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருவதுதான் திட்டம். ஆனால் ஆடுகள் இல்லாத அந்த வீடு அவளுக்குப் புதிதாக இருந்தது. மாடியில் எதுவோ உருண்டது. காரை உதிர்ந்திருக்கும் என்று தெரிந்தும் எழுந்து நின்று, மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்களுக்குச் சர்க்கரைன்னு நாந்தான் சும்மா சொன்னேன்."

வெளியே வந்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"சம்மதிச்சிட்டாரு. பைய இடிக்கச் சொன்னாரு."

ஒரு நாள் வேலையைச் செந்தில்முருகன் நான்கு நாள் செய்தான். ஷிபினும் சொன்னபடி கொட்டகை போட்டுக் கொடுத்தான். ஆனால் தகரக் கூரை. வெயிலில் ஆடுகள் உள்ளே நிற்க மறுக்கின்றன. ஓலை வேய்ந்து தரச்சொல்லி வாரம் தவறாமல் அவனுக்குப் போன் போட்டு ஏசிக்கொண்டிருக்கிறாள் சுடலைவடிவு.