பை மாற்றும் இடம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சுப்ரமணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு புதுச்சேரியின் உப்பளம் பேட்டையிலிருந்து நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். அங்கே சிநேகிதன் ஒகுஸ்த் பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், கொடியேற்றத்துக்கு வந்தவன் மாதிரி நிற்பான். இரண்டு பேரும் ஊருக்கு வெளியே போகிற ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறுவார்கள். கடைசி ஸ்டாப்பில் இறங்குவார்கள். அப்புறம் நடைதான். ஆறு, ஏரி, கரும்புக் கொல்லை, இடிந்த கோயில் என்று பொழுது சாய்கிற வரை சுற்றிவிட்டு வேறு ஊரில் பஸ் பிடித்துத் திரும்புவார்கள்.

“வாரம் பூரா ஆபீஸ்ல ஃபைலு தூக்கினு நடக்கற. லீவு நாள்ல சும்மா நடக்கற. உனக்கு எவன்யா செருப்பு வாங்கிக் குடுக்கறது?” என்பாள் சுப்ரமணியின் பெண்டாட்டி அஞ்சலாட்சி.

“அவன் கூப்புடறான், போறேன்.”

“அவன் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன். நடக்கறதுக்குப் பென்ஷன் வாங்கறான். நீ இன்னாத்துக்கு நடக்கற?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவான்.

ஒகுஸ்தும் அவனும் உப்பளத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வெள்ளைக்காரன் போன காலத்தில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் வந்து எழுதிக்கொடுங்கள் என்று ஊராரைக் கேட்டார்கள். ஒகுஸ்தின் அப்பா போய் எழுதிக்கொடுத்தார். சுப்ரமணியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எந்தக் கொடி பறந்தாலும் மூட்டை அதே கனம்தானே என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஒகுஸ்த் மீசை முளைத்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனான், பாலைவனம் பார்த்தான், பனி பார்த்தான், பென்ஷனோடு வந்து மாடி வீடு கட்டினான். மகன் யோஹான் பாரிசில் வேலை. சுப்ரமணி ரிக்‌ஷா மிதித்தான், சாராயக்கடையில் கிளாஸ் கழுவினான், கடைசியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வவுச்சர் ஆளாகச் சேர்ந்தான். வவுச்சர் ஆள் என்றால் வேலை உண்டு, பதிவேட்டில் பேர் கிடையாது. மாசக் கடைசியில் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குவதோடு சரி.

இரண்டாயிரத்து ஏழில் பழைய வவுச்சர் ஆட்களை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு கிளம்பியது. வெறும் பேச்சில்லை. ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் நாராயணசாமியே கூப்பிட்டுச் சொன்னார்.

“மணி, உம் பேரு மேல போயிருக்கு. போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி. அது முடியற வரைக்கும் கைய கால அடக்கினு இரு. எவன் கூடவும் வம்பு வச்சிக்காத.”

“எனக்கு யாரு சார் வம்பு?”

அன்றைக்கு ராத்திரி அஞ்சலாட்சி சிரித்தாள். சொந்தமாக ஒரு சுவர்க் கடிகாரம்கூட இல்லாத வீட்டில், ஃபிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது என்று அவள் கேட்டாள்.

நடைக்கு ஒகுஸ்த் வைத்த சட்டங்கள் சில உண்டு. நடக்கும்போது அரசியல் பேசக்கூடாது. பாதையில் மூத்திரம் போகக்கூடாது, ஒதுங்க வேண்டும். பை ஒருத்தன் தோளிலேயே இருக்கக்கூடாது. எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் பை கை மாறும். தூக்கி வந்தவன் தரையில் வைப்பான், மற்றவன் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டாளத்தில் அப்படித்தானாம். தன்னைச் சமமாக நடத்துகிறான் என்று சுப்ரமணிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பாகூர் ஏரிக்கரையிலும், சோரியாங்குப்பத்துப் பெண்ணையாற்று மணலிலும், சுத்துக்கேணியில் முதுமக்கள் தாழி தோண்டி எடுத்த மேட்டிலும் அந்தப் பை அப்படித்தான் தோள் மாறியிருக்கிறது.

இன்னொரு சட்டம் சுப்ரமணி வைத்தது. புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற ஊரில்லை. நாலு வயல் நம்முடையது, அடுத்த நாலு வயல் தமிழ்நாடு, மறுபடியும் நம்முடையது. ஆட்டுக்கு அது தெரியாது, போலீசுக்குத் தெரியும். பையில் எப்போதும் ஒரு குவார்ட்டர் இருக்கும். புதுச்சேரிச் சரக்கோடு அந்தப் பக்கம் போனால் கேஸ், அதனால் எல்லை தாண்டுவதற்கு முன்னாலேயே அதைக் காலி பண்ணிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு அந்தப் பக்கம் போனதில்லை.

அந்த ஆடி மாசம் யோஹான் லீவில் வந்தபோது அப்பனுக்கு ஒரு பெரிய பாட்டில் கொஞ்ஞாக், பிரெஞ்சு பிராந்தி, கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒகுஸ்த் அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். மண்ணாடிப்பட்டில் இறங்கிச் சங்கராபரணி ஆற்றைத் தாண்டித் திருவக்கரைக்கு நடப்பது அன்றைய திட்டம். அங்கே மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது, அதைப் பார்க்க ஒகுஸ்துக்கு அலுக்கவே அலுக்காது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புங்கமரம். வழக்கமாக உட்காருகிற இடம். அவித்த வேர்க்கடலையைப் பிரித்து வைத்து இரண்டு பேரும் குடித்தார்கள். நெஞ்சு சூடாக, வாய் மணக்க, சுப்ரமணி அப்படி ஒன்றைக் குடித்ததே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக நூல் மாதிரி ஓடியது. மணல் அள்ளிய குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம்.

“ஊத்திடு,” என்றான் சுப்ரமணி.

“பைத்தியமாடா நீ? என் புள்ள ப்ளேன்ல மடியில வச்சினு வந்தது.”

“அந்தப் பக்கம் தமிழ்நாடு.”

“யாருடா இருக்கான் அந்தப் பக்கம்? ஓணான்தான் இருக்கு. மூடி வை.”

ஒகுஸ்தே மூடினான், துண்டில் சுற்றினான், பையில் வைத்தான், பையைத் தரையில் வைத்தான். புங்கமரம் வரை தூக்கி வந்தவன் அவன். இனி சுப்ரமணியின் முறை. சுப்ரமணி எடுத்து மாட்டிக்கொண்டான்.

அன்று பௌர்ணமி என்பதை ஒகுஸ்த் நினைக்கவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசைக்கே போகாதவனுக்குப் பௌர்ணமி எதற்கு. சுப்ரமணி நினைத்திருக்க வேண்டும், அவனும் மறந்தான். ஆடிப் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளிக்கு ஜனம் கடல் மாதிரி வரும். புதுச்சேரியிலிருந்து வருகிறவன் சும்மா வரமாட்டான் என்று மதுவிலக்குப் போலீசுக்குத் தெரியும். கரை ஏறியதும் சவுக்குத் தோப்பு நிழலில் ஒரு ஜீப் நின்றது.

“யோவ், பெரியவரே, பைய இறக்கு,” என்றார் ஏட்டு.

துண்டைப் பிரித்துப் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தார்.

“ஏ அப்பா, வெளிநாட்டுச் சரக்கு. யாருது இது?”

சுப்ரமணி ஒகுஸ்தைப் பார்த்தான். ஒகுஸ்த் சட்டைப் பையிலிருந்து பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். யாரும் அதை அவனிடம் கேட்கவில்லை.

“நான் பிரெஞ்சு சிட்டிசன். ரிட்டயர்ட் மிலிட்டரி.”

“சந்தோஷம். பை யாருதுன்னு கேட்டேன்.”

ஒகுஸ்த் ஆற்றைப் பார்த்தான். மணலைப் பார்த்தான்.

“பை அவன் தோள்லதான சார் இருக்குது,” என்றான்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஏட்டுக்கு அது போதுமாக இருந்தது. சரக்கு ஒகுஸ்துடையது என்று சுப்ரமணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிநேகிதன் முகத்துக்கு நேராக அதை எப்படிச் சொல்வது, அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தான். ஜீப்பில் ஏறும்வரை காத்திருந்தான்.

“கேஸுன்னா நான் இங்க தங்கற பர்மிட்ல கை வச்சிருவாங்க மணி,” என்று ஜீப் பக்கத்தில் வந்து ஒகுஸ்த் குசுகுசுவென்று சொன்னான். “நாடு கடத்திருவாங்க. நான் போய் வக்கீலக் கூட்டினு வரேன். பஸ்ஸு போயிடும்.”

பஸ் போகவில்லை. ஒகுஸ்த் அதில் ஏறி வீட்டுக்குப் போனான். வக்கீல் மறுநாள் மத்தியானம் வந்தார். அதற்குள் கேஸ் எழுதியாகிவிட்டது. ஜாமீனில் வெளியே வந்த சுப்ரமணி ரேகை வைத்த மையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அந்த வாரமே ஒகுஸ்த் வீடு தேடி வந்தான். அஞ்சலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாங்கண்ணா. தனியாவா வந்தீங்க? பை கிய் எதுனா இருந்தா குடுங்க, இவரு தூக்குவாரு.”

“அஞ்சல, சும்மா இரு,” என்றான் சுப்ரமணி.

“நான் சும்மாதான்யா இருக்கேன். ஃபிரிட்ஜி வைக்கறதுக்கு மூலையக் கூட்டி வச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன்.”

ஒகுஸ்த் குனிந்த தலை நிமிரவில்லை. சுப்ரமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கோர்ட்டுல வந்து சொல்லு. சரக்கு என்னுது, இவன் சும்மா பை தூக்கினான்னு சொல்லு. நீ மிலிட்டரி, பென்ஷன்காரன், உன்ன ஒண்ணும் பண்ணமாட்டாங்க. என் வேல நிக்குதுடா.”

“வரேன்,” என்றான் ஒகுஸ்த். “மொத பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

வாய்தா அன்று சுப்ரமணி இருட்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வழக்கமாக ஒகுஸ்த் நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றான். முதல் பஸ் போனது. அடுத்ததும் போனது. பூக்காரி கடை விரித்தாள், பேப்பர் கட்டு வந்து இறங்கியது. மூன்றாவது பஸ்ஸில் அவன் தனியாக ஏறினான்.

கோர்ட் வராந்தாவில் வக்கீல் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சாட்சி வரல. எதிர்த்து நடத்துனா வருஷக்கணக்குல இழுக்கும். ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, இன்னையோட தொல்ல உட்டுது.”

தொல்லை விட்டால் போதும் என்றிருந்தது சுப்ரமணிக்கு. கூண்டில் ஏறி, சரக்கு என்னுடையதுதான் என்று சொன்னான். அந்தச் சரக்கின் பேரைச் சொல்லச் சொன்னார்கள். அவனுக்கு அது வாயில் நுழையவில்லை. பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

கார்த்திகையில் வேலை நிரந்தர உத்தரவு வந்தது. கூட இருந்தவர்கள் பேரையெல்லாம் பட்டாணி பொரித்த மாதிரி வாசித்தார்கள். நாராயணசாமி இவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

“கேஸு இருந்தாக்கூட ஏதாவது எழுதிப் பாத்திருக்கலாம் மணி. நீ ஒத்துக்கினியே. தண்டன ஆனவன எப்பிடிய்யா சேக்கறது?”

“வக்கீலு சொன்னாரு சார்.”

“வக்கீலுக்கா வேல போச்சு?”

வவுச்சர் வேலையிலிருந்து மட்டும் அவனை நிறுத்திவிடவில்லை. அதே ஃபைல், அதே படிக்கட்டு. நேற்றுவரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள், மணி அண்ணே, அந்த ஃபைல எடுத்துனு வாங்க என்று வேலை சொல்ல ஆரம்பித்தார்கள். வீட்டில் கூட்டி வைத்த மூலையில் அஞ்சலாட்சி அரிசி டின்னை நகர்த்தி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நடையை அவன் விடவில்லை. ஏன் விட வேண்டும். ஒகுஸ்தும் விடவில்லை. ஒரே பஸ்ஸில் அவன் முன்னால், இவன் பின்னால். இறங்கி, பேசாமல், கத்தினால் கேட்கிற தூரத்தில் ஒரே வரப்பில் நடப்பார்கள். ஒகுஸ்துக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. பச்சைப் பையை இடது தோள், வலது தோள் என்று தனக்குத்தானே மாற்றிக்கொண்டு போவான்.

மாசி மாசத்தில் ஒருநாள் மறுபடியும் மண்ணாடிப்பட்டு. புங்கமரத்தடியில் ஒகுஸ்த் உட்கார்ந்துவிட்டான். பையைத் தரையில் வைத்தான். சுப்ரமணி வந்து சேரும் வரை கையால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“மணி,” என்றான். அத்தனை மாசத்தில் அதுதான் முதல் வார்த்தை. “அன்னைக்குக் கெளம்பித்தான்டா வந்தேன். செருப்பு மாட்டிட்டேன். தெரு முனை வரைக்கும் வந்தேன்.”

சுப்ரமணி நின்று கேட்டான். தெரு முனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்பது அவனுக்குத் தெரியும். தினமும் நடக்கிறவன்.

ஒகுஸ்த் எழுந்தான். பையைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு ஆற்றைப் பார்த்தான். அவன் முறை முடிந்தது. பை சுப்ரமணியின் காலடியில் கிடந்தது. கை தன்னால் அதன் வார் பக்கம் போனதைச் சுப்ரமணி கவனித்தான். இத்தனை வருஷப் பழக்கம்.

அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அது உன்னுது,” என்றான். “நீயே தூக்கு.”

மணல் குழிகளைச் சுற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டினான். சவுக்குத் தோப்பு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பார்த்தபோது ஒகுஸ்த் புங்கமரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தான், பை கீழே கிடந்தது. அந்தப் பக்கம் புதுச்சேரி. சுப்ரமணி திருவக்கரைக்குப் போய்க் கல்மரத்து மேலே கொஞ்சநேரம் உட்கார்ந்தான். வெயிலில் அது பின்புறத்தைச் சுட்டது. எழுந்து போய்ப் பஸ் பிடித்தான்.